வழிவிடாத கிராபீன்

ஓர்ஸ் ஹில் ஆய்வுகூடத்தில் தயாளினிக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. மேசையில் இருந்தது செய்தியை ஒளியாகக் கடத்தும் சிப். அதன்மேல் ஒட்டிய கிராபீன் என்னும் மெல்லிய கரிப் படலம், மின்னழுத்தம் கொடுத்தால் லேசரின் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு வழிவிட வேண்டும். மத்தியானத்திலிருந்து மறித்துக்கொண்டே நின்றது.

“காலையில நல்லா வேலை செஞ்சதுதானே மிஸ்?” என்றான் உதவியாளன் இஹ்ஸான்.

“இப்ப செய்யேல்லையே! ஒரு பொட்டு வெளிச்சமும் வெளிய வாறதா மீட்டர் காட்டேல்ல. வோல்டேஜைக் கூட்டும்.”

“இதுக்கு மேல தாங்காது மிஸ். எங்களிட்ட இருக்கிறது இந்த ஒரு சிப்தான். நாளைக்குக் கொழும்பில காட்டவும் வேணும்.”

“அதுக்குத்தான் சொல்லுறன், கூட்டும்!”

கூட்டினான். சிப்பிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. கிராபீன் கருகிவிட்டது.

“சனியன் பிடிச்ச சாமான்!” தயாளினி கதிரையில் தொப்பென்று விழுந்தாள்.

துறைமுகப் பக்கம் இடி முழங்கியது. இடி கேட்டால் பிளக்குகளைக் கழற்றிவிடுவது வீட்டில் சின்ன வயதிலிருந்தே ஊறிய பழக்கம். பதறி எழுந்து, லேசரின் பிளக்கைக் கழற்ற மேசைக்கடியில் குனிந்தாள்.

பிளக் ஏற்கெனவே தரையில் கிடந்தது. மத்தியானம் இடி முழங்கியபோது அதைக் கழற்றிப் போட்டதும் அவள்தான்.