கீரி வாங்கிய உயரமான வண்டி

கீரிக்கு அதுதான் முதல் பைக். தார் ரோட்டிலும் ஓட வேண்டும், காட்டுச் சேற்றிலும் ஏற வேண்டும் என்று அணிலைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனது.

அப்படிப்பட்ட வண்டிகள் இரண்டு நின்றன. ஒன்று சின்னது. பெரியதில் ஏறி உட்கார்ந்தபோது கீரியின் கால் தரையைத் தொடவில்லை.

"சின்னதையே எடுடா. சேத்துல விழுந்தா நீதானே தூக்கணும்?" என்றது அணில்.

"அதுல போனா ஊரே சிரிக்கும்," என்று கீரி பெரியதையே வாங்கியது.

முதல் மழையில் கீரியும் அணிலும் அதில் மலைப்பாதையில் கிளம்பின. ஒரு வளைவில் வண்டி சறுக்கிச் சாய்ந்தது. கீரி குதித்துவிட்டது. பின்னால் இருந்த அணிலின் கால் எஞ்சினுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"தூக்குடா, சுடுது!"

கீரி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தது. வண்டி அசையவில்லை. அந்த வழியே வந்த யானை தூக்கிவிடுவதற்குள் அணிலின் கால் வெந்துபோயிருந்தது.

பிறகு டீக்கடையில் எல்லாரும் விசாரித்தார்கள்.

"வண்டி மேல குத்தமே இல்லை," என்றது கீரி. "பின்னால உட்காரத் தெரியாதவனை ஏத்தினேன் பாருங்க, அதுதான் தப்பு."

அப்போதுதான் உள்ளே வந்த அணிலின் காதில் அது விழுந்தது. காலை இழுத்தபடி திரும்பி நடந்தது.

"ரொம்பத்தான் நொண்டுறான்," என்றது கீரி.