நாலு யூனிட் வீடு

"பதினாலு!"

மீட்டர் கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார் ரீடிங்காரர். பதினாலேதான்.

ஊர்த் தண்ணீர்க் குழுவுக்காக வீடு வீடாக ரீடிங் எடுப்பதும் கட்டணம் வசூலிப்பதும் அவர் வேலை. ஒரு வீட்டுக்கு மாதம் பத்து யூனிட். மூன்று மாதம் தொடர்ந்து தாண்டினால் இணைப்பை மூடிவிட வேண்டும். தையல்காரம்மா வீட்டில் இது மூன்றாவது மாதம். அதுவும் ஒண்டிக்கட்டை!

"இந்தத் தெருவுக்கு நாளைக்குத்தானே வருவீங்க?" கையில் ஊசியும் நூலுமாக வாசலுக்கு வந்த தையல்காரம்மாவின் முகம் வெளிறிப் போனது.

"சொல்லிட்டு வந்தா உண்மை தெரியுமா? போய் உள்ள எல்லா டேப்பையும் மூடிட்டு வாங்க."

அவள் தயங்கித் தயங்கிப் போய், "மூடியாச்சு" என்றபடி திரும்பி வந்தாள். மீட்டரின் சிவப்பு முள் நிற்கவில்லை. விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"மூடியாச்சுன்னீங்க. ஓடுதே?"

"பழைய மீட்டர்தானே அண்ணே..."

"மீட்டர் மேல பழி போடாதீங்க. போன மாசம் நானே மாட்டினது. யாருக்கு விக்கறீங்க? செங்கல் சூளைக்கா?"

"ஐயையோ, ஒரு சொட்டு வித்ததில்லண்ணே. கூடுதல் கட்டணத்தைத்தான் ஒழுங்காக் கட்டிடறேனே!"

"காசு யாருக்கு வேணும்? மேட்டுத் தெருவுல பாதி வீட்டுக்குத் தண்ணி ஏறல. பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு ஒருத்தி காலிக் குடத்தோட நிக்கறா. நேத்து அவ முகத்தைப் பார்த்துட்டு எனக்குச் சோறு இறங்கல."

அது பொய்யில்லை. மனிதர் உண்மையிலேயே கலங்கித்தான் போயிருந்தார். ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் ரீடிங்காரர் இல்லையே!

"எங்க வீட்டைப் பாருங்க. நான், என் சம்சாரம், எங்கம்மா, ரெண்டு பிள்ளைங்க. அஞ்சு பேர். எத்தனை யூனிட்?"

"நாலு" என்றாள் தையல்காரம்மா. ஊரில் யாருக்குத்தான் தெரியாது? குழு அலுவலகப் பலகையில் 'சிக்கனத்தில் முதல் வீடு' என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதியவரும் அவரே.

"மனசு வச்சா முடியும். உங்க பின்சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் எங்க வீடு. அவகிட்ட வந்து கத்துக்குங்க."

தையல்காரம்மா கையிலிருந்த நூலை ஊசியில் சுற்றினாள்.

"கடைசியாக் கேக்கறேன். தண்ணி எங்க போகுது? சொன்னீங்கன்னா நானே குழுவுல பேசி ஒரு மாசம் தவணை வாங்கித் தரேன்."

"போற இடத்துல வீணாப் போகலண்ணே. அதுக்கு மேல கேக்காதீங்க."

"மூடினா பொதுக் குழாய்க்குத்தான் நடக்கணும். ஒரு மைல். உங்க முட்டிவலியோட நடந்துடுவீங்களா?"

அவள் கண் கலங்கியது. இருந்தாலும் சொன்னாள்: "நடந்துக்கறேன். மூடிக்குங்க."

இவ்வளவு அழுத்தமா என்று அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்து சாவியை எடுத்து வால்வில் மாட்டித் திருகினார். துரு ஏறிய வால்வு முரண்டு பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு. சிவப்பு முள் மெதுவாகி, நின்றது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிர்வதற்குள், பின்சுவருக்கு அப்பாலிருந்து அவர் மனைவியின் குரல் வீட்டைத் தாண்டி வாசல்வரை வந்தது:

"அக்கா! டியூப்ல தண்ணி நின்னு போச்சு, டிரம்மு பாதிகூட ரொம்பல. கொஞ்சம் பாருங்கக்கா! எங்க மீட்டர் நாலைத் தாண்டிச்சுன்னா அந்த மனுஷன் வீட்டை ரெண்டாக்கிடுவாரு!"