குறைந்துபோன ஓர் அசை

“கடைசி அடியில ஒரு அசை குறையுது இத்வல். தளை தட்டுது. கவனிச்சீங்களா?” என்றாள் நெஸ்டா.

“கவனிக்காம இருப்பேனா? முப்பது வருஷமா இதுதானேம்மா என் வேலை!”

ஊர்க் கவிதைப் போட்டியின் நடுவர்கள் இருவரும் தேவாலயத்தின் பின்னறையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் மூடுபனியில் கரைந்திருந்தது.

தலைப்பு, ‘நினைவு’. தாளில் ‘நீர்க்காகம்’ என்ற புனைபெயர் மட்டும். எழுதியவர் யாரென்று இருவருக்கும் தெரியாது.

“விதிப்படி தள்ளிடணும்,” என்றாள் நெஸ்டா.

“அவசரப்படாதீங்க. ஒவ்வொரு பத்தியும் எப்படி முடியுது? ‘கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை.’ ஏழு அசை. மூணு தடவை அதே அடி. நாலாவது தடவை?”

“‘கூப்பிட்டேன், திரும்பவில்லை.’ ஆறுதான்.”

“எது போச்சு?”

நெஸ்டா விரல்விட்டு எண்ணினாள். நிமிர்ந்தாள். “‘நீ’ போச்சு.”

“அது பிழையில்லைம்மா. அந்த ஆளே இப்ப இல்லை. இயைபைப் பாருங்க. ஜோடி ஜோடியா வந்துட்டு, கடைசி அடி மட்டும் ஜோடியில்லாம தனியா நிக்குது. பாவம், புருஷன் செத்துப்போனவ எழுதியிருக்கா.”

கண்களை மூடி, மலைப்பாதையில் ஓர் இளைஞன் பாடிக்கொண்டே வரும் முதல் பத்தியை மெல்லச் சொன்னார். குரல் உடைந்தது.

“அந்தப் பாதையில நானே நடக்கிற மாதிரி இருக்கு நெஸ்டா.”

எழுத்துக்கு எழுத்து குறை சொல்லும் இத்வல் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. முதல் பரிசுக்கான தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. இத்வல் மேடையேறி, அந்தக் குறைந்த அசையின் அழகைக் கால்மணி நேரம் விளக்கினார்.

“இந்தப் பெண்ணின் துக்கத்துக்கு முன்னால் தலைவணங்குகிறேன். இப்படிப்பட்ட மனைவி கிடைத்த அந்த மனிதர் கொடுத்துவைத்தவர். நீர்க்காகம் யாரோ, எழுந்து நிற்கட்டும்!”

வெற்றியாளரை அழைக்கும் எக்காளம் முழங்கியது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. அரங்கம் முழுவதும் அவளை விட்டுவிட்டு இத்வலையே பார்த்தது.

எழுந்து நின்றவள் எலுனெட். முப்பத்தெட்டு வருடங்களாக அவருடன் ஒரே வீட்டில் வாழும் அவருடைய மனைவி.