ராயப்பனின் ஈஸ்ட்

ராயப்பன் இறந்து நாற்பது நாள் ஆனபோது, அவன் மனைவி பிலோமினா ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்துக் கொழுந்தன் தேவசகாயத்திடம் கொடுத்தாள். வீட்டில் பியர் காய்ச்சுவதற்காக ராயப்பன் எடுத்துவைத்திருந்த ஈஸ்ட் அது. அடியில் வெளிறிய வண்டலாகப் படிந்திருந்தது.

"இதுல இன்னும் உயிர் இருக்குமா தம்பி?"

"எழுப்பிப் பார்க்கறேன் அண்ணி."

அண்ணனோடு சேர்ந்து பலமுறை செய்த வேலைதான். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் குடுவையில் ஊற்றி, அதில் ஈஸ்டைச் சேர்த்தான். முதல் நாள் ஒரு குமிழிகூட வரவில்லை. பிலோமினா போனில் கேட்டாள். "கொஞ்சம் பொறுக்கணும்" என்றான். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாள் குடுவையிலிருந்து கெட்ட வாடை வந்தது. அதைக் கொட்டிக் கழுவி, புதிதாகக் காய்ச்சி, கடையில் வாங்கிய ஈஸ்டைப் போட்டான். விடிந்தபோது நுரை கழுத்துவரை ஏறியிருந்தது.

"வந்துடுச்சு அண்ணி" என்றான் போனில்.

அரை மணி நேரத்தில் பிலோமினா வந்து நின்றாள். குனிந்து குடுவையில் காதை வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"உங்க அண்ணன் கை பட்டதுல இது ஒண்ணுதான் தம்பி இன்னும் வளருது."

தேவசகாயம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் நிமிர்ந்து, "இதுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா தீனி போடணும்?" என்று கேட்டாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாசத்துக்கு ஒருதடவை அண்ணி."