முருங்கைக் கிளை

சுரங்கப்பாதைத் தண்ணீர் வடியட்டும் என்று சாக்கடை மூடியைத் திறந்து, அடையாளத்துக்கு ஒரு முருங்கைக் கிளையைக் குழியில் நட்டிருந்தோம். வெள்ளம் கிளையை இழுத்துக்கொண்டது. அதனால் குழியோரத்தில் நானே நின்றேன். வண்டிகள் என்னைச் சுற்றிப் போயின. என் கையில் அளவுக்கம்பு. நான் போனில் சொல்லும் எண்ணை வைத்துத்தான் எந்த ரோடு எப்போது அடைபடும் என்று ஆபீஸ் கம்ப்யூட்டர் கணித்தது.

“எழுபது சென்டிமீட்டர், சார்.”

“கம்ப்யூட்டர் படத்துல உன் ரோடு சிவப்பாயிடுச்சு மாசிலா. இனி ஒரு வண்டி வராது. ஏறி வாய்யா.”

எதிரே பள்ளிக்கூட வேன் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகக் கம்பைக் குழியில் நட்டேன். அது முழுசாக உள்ளே போய்விட்டது.

“ஏறிட்டியா? கடைசி அளவு சொல்லு.”

“கம்பு போச்சு சார். இடுப்புன்னு எழுதிக்குங்க.”

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கிளை மாதிரி விரித்தேன்.