சாட்சிக்கு வந்தவள்

மேலாளர் ஒலேகாரியோவின் இரண்டு வருடக் கேலியில் பெலிசாவுக்குத் தூக்கம் போய், கைநடுக்கம் வந்துவிட்டது. அவள் கொடுத்த புகாரின் பேரில், சிலி நாட்டின் வால்பரைசோ நகரத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. கூட வேலை பார்ப்பவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை.

"எல்லாம் இவளோட கற்பனை சார்," என்று சிரித்தார் ஒலேகாரியோ.

பெலிசா பார்த்தேயிராத ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"கற்பனை இல்லீங்க. இவங்களை 'ஊமைக் கோட்டான்'னுதான் கூப்பிடுவார். எல்லார் முன்னாலயும் நாய் மாதிரி குரைக்கச் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை அழவெச்சுட்டுக் கைதட்டினார்."

அத்தனையும் நிஜம். பெலிசா மலைத்துப்போனாள்.

"நீங்களும் அந்த ஆபீஸா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. தினமும் சாப்பிடும்போது பெருமையாச் சொல்வார். நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன். நான் அவர் சம்சாரம்."

பெலிசா தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.