சுணங்கி வந்த கடும்புப்பால்

"ஒரு கோப்பைப் பாலுக்கு அந்தச் சபூறா உன்னை இவ்வளவு நேரம் வாசலில நிக்கவைச்சவாவோ?"

ஜெகதீஸ்வரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"மெல்லக் கதையுங்கோ அம்மா. முன்வீட்டுக்குக் கேக்கப்போகுது," என்றாள் மகள் ஜெயரூபி. கையில் பால் போத்தல். முற்றத்தில் சாக்கின்மேல், விடியப் பிறந்த கழுதைக்குட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தது. அதை ஈன்ற கையோடு தாய்க்கழுதை செத்துப்போயிருந்தது.

கழுதைப்பாலில் சவர்க்காரம் செய்து விற்கலாம் என்று ஜெயரூபியும் முன்வீட்டுச் சபூறாவும் மன்னாரிலிருந்து ஆளுக்கொரு சினைக்கழுதை வாங்கியிருந்தார்கள். "கம்பசில படிச்சுப்போட்டுக் கழுதை மேய்க்கிறாள்" என்று உடையார்கட்டு ஊரே சிரித்தது. சபூறாவின் கழுதை முதல்நாள் ஈன்றது. அங்கே தாயும் குட்டியும் சுகம். இங்கே ஜெயரூபிக்கு மிஞ்சியது இந்தக் குட்டி மட்டும்தான்.

மிருக வைத்தியர் போனில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஜெகதீஸ்வரியும் பக்கத்தில் நின்று கேட்டவள்தான்.

"ஈன்ற உடன சுரக்கிற கடும்புப்பாலிலதான் குட்டிக்கு நோய் அண்டாத காவல் இருக்கு. எப்பிடியும் இண்டைக்கே குடுத்துப்போடுங்கோ. கிருமிக்குப் பயமெண்டால் மெல்லிய சூட்டில வைச்சு பாஸ்டரைஸ் பண்ணலாம். அதிலயே சத்துக் கொஞ்சம் குறையும். கொதிக்க மட்டும் விட்டுடாதேங்கோ. கொதிச்சால் அந்தக் காவல் போச்சு."

"ஈவிரக்கமில்லாத மனுசி!" ஜெகதீஸ்வரி விடுவதாக இல்லை. "நான் வருசா வருசம் சட்டி நிறையப் பொங்கல் குடுத்துவிடுறன். சட்டியைத் திருப்பிக் கேட்டனானோ? 'நீங்களே வைச்சிருங்கோ சபூறா' எண்டு விட்டிட்டன்."

அது உண்மை. அந்த ஒழுங்கையில் சட்டியோடு பொங்கல் கொடுக்கிற தாராளக்காரி அவள் ஒருத்திதான்.

"எதுக்குள்ள கறந்தவா?"

"நான் பாக்கேல்லை. பின்வளவிலதானே கழுதை. ஏதோ சட்டியில கறந்து வந்து, எங்கட போத்தலுக்குள்ள வார்த்துத் தந்தவா."

ஏதோ சட்டி.

"தா இஞ்சை. நான் இளஞ்சூடாக்கிக்கொண்டு வாறன். நீ குட்டியைத் துடை."

குசினிக்குள் போனவள் அடுப்பை முழுக்கத் திறந்துவிட்டாள். மாட்டிறைச்சி காய்ச்சின சட்டியாய்த்தான் இருக்கும். அதற்குள் இருந்த பால் தன் வீட்டுப் பாத்திரத்தில் படுவதென்றால் கொதித்துத்தான் படவேண்டும். பொங்கல் சட்டிகளை அவள் திருப்பி வாங்காததும் இதனால்தான். யாராவது கேட்டால் சொல்லக் 'கிருமி' என்ற சொல் கைவசம் இருந்தது.

குடிக்கப்போவது கழுதைக்குட்டி. ஆசாரம் பார்த்தது அவள்.

பால் கொதித்துத் திரைந்தது. துணியில் வடித்து, ஆறவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். குட்டி அவசர அவசரமாய்க் குடித்தது. ஜெயரூபிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இனிக் கடையில பால்மா வாங்கிக் கரைச்சுக் குடு," என்றாள் ஜெகதீஸ்வரி. "அந்த வாசலில போய் நிண்டது காணும்."

கொஞ்ச நாள் குட்டி துள்ளியது. பிறகு கழிச்சல் பிடித்தது. காய்ச்சலும் வந்தது. மிருக வைத்தியர் நேரிலேயே வந்து பார்த்தார்.

"கடும்புப்பால் குடுத்தனீங்கள்தானே?"

"ஓம் டொக்டர், அண்டைக்கே குடுத்தது," என்றாள் ஜெயரூபி.

"கொதிக்கவிடேல்லையே?"

"சேச்சே!" என்றாள் ஜெகதீஸ்வரி.

"பிறகும் ஏன் இந்தக் குட்டி ஒரு நோயையும் எதிர்க்குதில்லை?" வைத்தியருக்கு விளங்கவில்லை. ஊசி போட்டுவிட்டுப் போனார்.

அடுத்தநாள் மத்தியானம் குட்டி செத்துப்போனது. அதன் தலையை மடியில் வைத்தபடி ஜெயரூபி எழும்பாமல் இருந்தாள். ஜெகதீஸ்வரிக்கு அடுப்பில் திரைந்த பாலே கண்ணுக்குள் நின்றது.

படலை திறந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சபூறா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் மூடிய சட்டி.

"குட்டிக்குச் சுகமில்லையாம் எண்டு இப்பதான் அறிஞ்சனான். எங்கட குட்டியைக் கட்டிவைச்சிட்டு, கறந்த சூட்டோட..."

சாக்கில் அசையாமல் கிடந்த குட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜெகதீஸ்வரியின் கண் சட்டியில் நின்றது. பளபளவென்ற சில்வர் சட்டி. விளிம்பில் கணவனின் பெயரும் தன் பெயரும் சேர்ந்த முதலெழுத்துகள்: வீ. ஜெ.

"இது... எங்கட பொங்கல் சட்டியெல்லோ?"

"ஓமக்கா. நீங்கள் சைவம். எங்கட சட்டிபானை உங்களுக்கு ஒத்துவராதெண்டு எனக்குத் தெரியும்தானே. அதால நீங்கள் தந்த சட்டி ஒண்டிலயும் நாங்கள் சமைக்கிறேல்லை. அலுமாரிக்கு மேலதான் வைச்சிருக்கிறன். அண்டைக்கும் இதை இறக்கி, சுடுதண்ணி வைச்சுக் கழுவிப்போட்டுத்தான் கறந்தனான்."

ஜெயரூபி நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

சபூறாவின் குரல் இறங்கியது.

"அதிலதான் பிள்ளையை அவ்வளவு நேரம் நிக்கவைச்சிட்டன். நான் சுணக்கினதாலயோ அக்கா... குட்டி போனது?"